மலை இல்லாத ஊருக்கு மலைப் பெயர்

கேள்வி: எங்கள் விருத்தாசலத்தில் தேடினாலும் ஒரு மலை கிடையாது. பெயரில் மட்டும் மலை இருக்கிறது. "சிவனே மலையாக நின்று பூமிக்குள் அமிழ்ந்துவிட்டார், அதனால்தான் இந்தப் பெயர்" என்று நான் சொன்னால், என்னோடு வேலை பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். அவர்கள் வாயை அடைக்க ஓர் ஆதாரம் கொடுங்கள். பேசாமல் ஊர்ப் பெயரையே பழையபடி முதுகுன்றம் என்று மாற்றிவிட்டால் என்ன?
— விருத்தாசலம் வாசகர் ஒருவர்

பதில்: மலை அமிழ்ந்ததற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. முதுகுன்றம் என்ற பெயருக்கு இருக்கிறது. அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவருமே அந்தப் பெயரைச் சொல்லித்தான் பாடினார்கள். பிற்பாடு வடமொழி தெரிந்த யாரோ ‘முது’வுக்கு ‘விருத்த’, ‘குன்று’க்கு ‘அசலம்’ என்று சொல்லுக்குச் சொல் மாற்றி வைத்தார்கள். நல்ல மாணவன் செய்கிற வேலை. தப்பு சொல்ல முடியாது.

குரு நமசிவாயர் என்ற சிவனடியார் பசியோடு உங்கள் ஊர்க் கோயிலுக்கு வந்து, அம்மனைக் ‘கிழத்தி’ என்று பாடிச் சோறு கேட்ட கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். "கிழவியால் சோறு சுமந்து வர முடியுமா?" என்று அம்மன் மடக்கினாளாம். அவர் உடனே இளையவளாக மாற்றிப் பாட, இளம்பெண்ணாக வந்து படியளந்தாளாம். அதனால்தான் பெரியநாயகி, இளையநாயகி என்று இரண்டு அம்மன்கள் என்பார்கள். கிழத்தி என்றால் உரிமைக்காரி என்றும் பொருள் உண்டு. அம்மன் வேண்டுமென்றேதான் கிழவி என்று எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது! ஒரு சொல்லின் இரண்டு பொருளுக்கு நடுவே ஒரு கதை முளைத்துவிட்டது. அமிழ்ந்த மலையும் இந்த மாதிரிக் கதைதான் என்பது என் கணிப்பு. பெயரில் குன்று இருக்கிறது, காட்டுவதற்குக் குன்று இல்லை. "எங்கே தாத்தா மலை?" என்று கேட்கிற பேரனுக்கு ஏதாவது சொல்லியாக வேண்டுமே.

வேதாரண்யத்தில் இதைவிடக் கூத்து. மறைக்காடு என்பதைத்தான் அப்படி வடமொழி ஆக்கினார்கள். ஆனால் அது ஆதியில் மரைக்காடு, அதாவது மரை என்ற மான் திரிந்த காடு என்று கருதுவோரும் உண்டு. அவர்கள் சொல்வது சரியென்றால், ஒரு ‘ர’ ‘ற’வானதில் மான் ஓடிப்போய் வேதம் வந்து உட்கார்ந்துவிட்டது.

அப்புறம், பெயர் மாற்றம். தாராளமாகக் கேளுங்கள். மாயூரம் 1982-இல் மயிலாடுதுறை ஆனது. அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் மாயவரத்துக்குத்தான் டிக்கெட் கேட்கிறார்கள். விருதுபட்டி 1923-இல் விருதுநகர் ஆனது, அது நிலைத்துவிட்டது. பட்டியிலிருந்து நகருக்குப் போக யாருக்குத்தான் கசக்கும்? 2020-இல் ஆயிரத்துச் சொச்சம் ஊர்களின் ஆங்கில எழுத்துகளைத் திருத்தி அரசாணை போட்டார்கள். வேலூரை ‘வீலூர்’ என்று படிக்கும்படி ஆனதும் ஊரே சிரித்தது. சில நாளில் ஆணை வாபஸ்.

உங்கள் ஊரில் பழைய பெயர் எங்கும் போய்விடவில்லை. சுவாமி பெயரே பழமலைநாதர். சிரிக்கிற நண்பர்களை ஒருநாள் அங்கே கூட்டிப்போங்கள். மலை எங்கே என்று கேட்டால், தரைமட்டத்துக்குக் கீழே இருக்கிற ஆழத்துப் பிள்ளையாரிடம் படியிறக்கிக் காட்டுங்கள். மலை கிடைக்காது. திரும்பி ஏறும்போது மூச்சு வாங்குவதில் கொஞ்ச நேரம் சிரிக்க மாட்டார்கள்.