நாடகப் பள்ளியைப் பதிய புரோக்கர் எதற்கு?

கேள்வி: கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் நாடகம் பழக்குகிறோம். இதைப் பயிற்சிப் பள்ளியாக வளர்க்க ஆசை. ‘டிப்ளோமா கொடுக்கும் அதிகாரத்தோடு கம்பனி பதிந்து தருகிறேன்’ என்று ஒருவர் முற்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். கம்பனிப் பதிவு வேறு, சான்றிதழ் கொடுக்கும் உரிமை வேறு. முதலாவதால் பள்ளியின் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கலாம், மண்டப ஒப்பந்தம் எழுதலாம், அவ்வளவுதான். தொழிற்பயிற்சிச் சான்றிதழ் வேண்டுமென்றால் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் தனியாகப் பதிய வேண்டும். அதுவரை ‘பயிற்சியில் பங்குபற்றினார்’ என்று மட்டும் அச்சிடுங்கள். அதிகாரமில்லாமல் அச்சிட்ட டிப்ளோமாவோடு பிள்ளை வேலை நேர்முகத்துக்குப் போய்த் திரும்பி வந்தால், பெற்றோர் உங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். புரோக்கரின் போன் அப்போது வேலை செய்யாது.

உங்களுக்குப் பொருந்துவது, பங்குகள் இல்லாத, உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனி; அதாவது, உறுப்பினர்களின் பொறுப்பு அவர்கள் தருவதாக ஒப்புக்கொண்ட தொகையோடு நிற்கும். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தில் அதற்கு இடமுண்டு. பிரிவு இலக்கங்களைப் போட்டு உங்களைக் குழப்பவில்லை. ஒன்றை மட்டும் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்று நடப்பதே அங்கேதான். கலை போன்ற பொதுநோக்கத்துக்காகத் தொடங்கும் கம்பனியின் பெயரில் ‘லிமிடெட்’ வராமலிருக்கக் கம்பனிப் பதிவாளர் அனுமதி தரலாம். தரலாம், தந்தே ஆக வேண்டும் என்றில்லை. லாபத்தை உறுப்பினர்கள் பிரித்தெடுக்க மாட்டார்கள் என்பது யாப்பிலேயே, அதாவது கம்பனியின் விதிகளிலேயே, இருக்க வேண்டும். அந்த அனுமதி பதிவுக்கு முன்பே எடுக்க வேண்டியது. இதைத்தான் ‘ஸ்பெஷல் கேஸ்’ என்று தனி விலைக்கு விற்கிறார்கள். வேறு யாருக்கோ எழுதிய பழைய யாப்பில் பெயரை மட்டும் மாற்றி நீட்டுவார்கள். நாடகப் பள்ளியின் நோக்கங்களில் டியூஷன் வகுப்பு எட்டிப்பார்க்கும். இயக்குநர் பட்டியலில் உங்களுக்குத் தெரியாத மச்சான் ஒருவர் இருக்கிறாரா என்றும் பாருங்கள். இருந்தால் கையெழுத்து வேண்டாம்.

பெயர் கிடைக்குமா என்பதைப் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்தில் நீங்களே தேடலாம். கொழும்பிலும் அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுத அரசியலமைப்பு உரிமை தந்திருக்கிறது. போய் நின்றால், தமிழ் தெரிந்தவர் இன்றைக்கு லீவு என்பார்கள். புரோக்கர்களைச் சோறுபோட்டு வளர்ப்பது இந்த லீவுதான். கடிதத்தைக் கொடுத்து, அதன் நகலில் திகதி முத்திரை வாங்காமல் நகராதீர்கள்.

அப்புறம், மேடையேற்றம். பொதுமக்கள் பார்க்க நாடகம் போடுவதென்றால் நாடகப் பிரதிக்கு (ஸ்கிரிப்டுக்கு) முன் அனுமதி வேண்டும். 1912இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம் இன்னும் நம் பேனாவுக்குக் காவல் நிற்கிறது. திட்டிக்கொண்டாவது பிரதியை முதலில் அனுப்புங்கள். மண்டபத்துக்கு முற்பணம் அதற்குப் பிறகு.