அமெரிக்க கார்டும் பேரணாம்பட்டு லைனும் (விண்டோஸ் 98 காலத்துக் கேள்வி-பதில்)

கேள்வி: சார், பேரணாம்பட்டில் தோல் ஏற்றுமதி செய்கிறோம். சாம்பிள் தோல்களை ஸ்கேன் செய்து இத்தாலிக்கு அனுப்புவதற்குள் மோடத்தில் பொழுதே விடிந்துவிடுகிறது என்று ஐஎஸ்டிஎன் எனும் டிஜிட்டல் டெலிபோன் லைன் வாங்கினோம். அமெரிக்காவிலிருந்து வந்த மச்சான், கம்ப்யூட்டரில் செருகும் ஐஎஸ்டிஎன் கார்டு ஒன்று கொடுத்தார். பிளக் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் டிரைவர் போடும்போது 'ஸ்பிட்' எண் கேட்கிறது. எக்ஸ்சேஞ்சில் அப்படி ஒரு நம்பரே இல்லை என்கிறார்கள். யாரிடம் கேட்பது? பழைய ஃபேக்ஸ் மெஷினையும் இதே லைனில் மாட்ட முடியுமா?

பதில்: யாரிடம் கேட்டாலும் கிடைக்காது. எக்ஸ்சேஞ்சுக்காரர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், பாவம், அவரிடம் சண்டை போடாதீர்கள். ஸ்பிட் என்பது வட அமெரிக்க லைன்களுக்கு உரிய அடையாள எண். நம் நாட்டில் இருப்பது ஐரோப்பிய முறையான யூரோ ஐஎஸ்டிஎன். இதில் அந்த எண்ணுக்கு வேலையே இல்லை.

பிளக் பொருந்துவதை நம்பாதீர்கள். கார்டின் பின்தகட்டில், ஓட்டைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'யூ' என்றோ 'எஸ்/டி' என்றோ இருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். அமெரிக்காவில், லைனுக்கும் கார்டுக்கும் நடுவே நிற்கும் என்டி-1 பெட்டியை வாடிக்கையாளரே வாங்க வேண்டும் என்பதால், அதைக் கார்டுக்குள்ளேயே வைத்து 'யூ' வகையாக விற்பார்கள். இங்கே தொலைபேசித் துறையே அந்தப் பெட்டியைச் சுவரில் மாட்டிவிடுகிறது. எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் இரண்டு கம்பியை அதுதான் நான்கு கம்பியாக மாற்றித் தருகிறது. ஆகவே உங்களுக்கு வேண்டியது அந்த நான்கு கம்பியில் மாட்டும் 'எஸ்/டி' கார்டு. பெட்டியைக் கழற்றிவிட்டு நேராக மாட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். சிக்னல் முறையும் வேறு.

புதிதாக வாங்கும்போது அட்டைப்பெட்டியில் 'யூரோ ஐஎஸ்டிஎன்' அல்லது 'டிஎஸ்எஸ்1' (யூரோ ஐஎஸ்டிஎன்னின் சிக்னல் முறை) என்று போட்டிருக்கிறதா பாருங்கள். வேலூரில் இல்லையென்றால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடலாம். கம்ப்யூட்டருக்குள் கார்டு செருகும் பிசிஐ ஸ்லாட் காலியாக இருந்தால் அந்த வகையையே எடுங்கள். பழைய ஐஎஸ்ஏ வகைக் கார்டில் ஐஆர்க்யூ தகராறு (இரண்டு கார்டுகள் ஒரே குறுக்கீட்டு எண்ணுக்கு மோதுவது) வந்தால் ஒரு நாள் போய்விடும். சீரியல் போர்ட்டில் மாட்டும் வெளி அடாப்டர் வேண்டாம் என்பேன். ஐஎஸ்டிஎன் லைனுக்குள் இருக்கும் இரண்டு சேனலையும் சேர்த்தால் நொடிக்கு 128 கே (கிலோபிட்). சாதாரண சீரியல் போர்ட் 115.2 கே-யோடு நின்றுவிடும். இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் வசதி விண்டோஸ் 98-லேயே இருக்கிறது. ஆனால் அது இரண்டு போன் கால் பேசிய கணக்கு, பில்லும் அப்படித்தான் ஏறும். இமெயில் பார்க்க மட்டும் என்றால் ஒரு சேனலே, 64 கே-யே, தாராளம்.

அப்புறம் ஃபேக்ஸ். சுவர்ப் பெட்டியில் சாதாரண டெலிபோன் சாக்கெட்டும் இருந்தால் அது 'என்டி-1 பிளஸ்', நேராக மாட்டலாம். இல்லையென்றால் பழைய வகை போன், ஃபேக்ஸ் மாட்டும் அனலாக் போர்ட் உள்ள அடாப்டர் ஒன்று தனியாக வாங்க வேண்டிவரும். சுவர்ப் பெட்டிக்கும் கரண்ட் வேண்டும். கம்ப்யூட்டரை மட்டும் யூபிஎஸ்ஸில் போட்டுவிட்டு அதை விட்டுவிடாதீர்கள்.