'எண்ணிறந்த' என்றால் என்ன பொருள்? 'எண்ணற்ற' என்பதும் அதுவும் ஒன்றா?

முதலில் ஒன்று: இந்தச் சொல்லில் யாரும் சாகவில்லை.

எங்கள் தெருக் கோயில் குடமுழுக்கு நோட்டீஸை ஒருமுறை நான்தான் எழுதிக்கொடுத்தேன். 'எண்ணிறந்த பக்தர்கள் கூடும் விழா' என்று ஒரு வரி. திருத்தம் பார்க்க வந்த தாளில் அது 'எண்ணி இறந்த பக்தர்கள்' ஆகியிருந்தது. டைப் செய்த பையன் பிழை திருத்தியதாக நினைத்திருக்கிறான், பாவம். பெரியப்பா வாங்கிப் படித்துவிட்டு, "நல்ல காரியத்துக்கு அடிக்கிற நோட்டீஸ்ல யாருடா செத்தது?" என்றார்.

எண் + இறந்த = எண்ணிறந்த. 'இறத்தல்' என்றால் கடத்தல். போன காலத்தை இறந்தகாலம் என்கிறோமே, அதே இறத்தல்தான். ஆக, எண்ணைக் கடந்த, எண்ணி முடிக்க முடியாத. குறளிலேயே இரண்டு பொருளும் உண்டு. 'இறந்தார்வாய் இன்னாச்சொல்' (159) என்னும் இடத்தில் இறந்தார் வரம்பு மீறியவர்கள். 'வையத்து இறந்தாரை எண்ணிக்கொண் டற்று' (22) என்னும் இடத்தில் செத்தவர்களேதான். உலகத்தில் இதுவரை செத்தவர்களை எண்ணுவதுபோல என்று ஆகாத கணக்குக்கு உவமை. சிவபுராணம் சொல்கிறவர்கள் 'எண்ணிறந்து எல்லை இலாதானே' என்ற வரியைத் தினமும் சொல்கிறார்கள். எண் என்பதற்கு நினைப்பு என்றும் பொருள் இருப்பதால், அங்கே 'நினைப்புக்கு எட்டாமல்' என்றும் கொள்ளலாம்.

'எண்ணற்ற' (எண் + அற்ற) என்பதும் நடைமுறையில் இதே பொருள்தான். மேடைக்கும் செய்யுளுக்கும் எண்ணிறந்த, கட்டுரைக்கு எண்ணற்ற என்பது என் பழக்கம். ஒன்று மட்டும் கவனியுங்கள்: இரண்டுமே ஒன்று, இரண்டு என்று எண்ணக்கூடியவற்றுக்குத்தான். எண்ணற்ற விண்மீன்கள் சரி, 'எண்ணற்ற மகிழ்ச்சி' சரியில்லை. அதற்கு அளவற்ற, அளவில்லாத என்று எழுத வேண்டும். 'எண்ணற்ற, சுமார் 200 பேர்' என்று எழுதுகிறவர்களை என்ன செய்வது! எண்ணிவிட்டீர்களே ஐயா.

நோட்டீஸில் கடைசியாகத் 'திரளான பக்தர்கள்' என்று போட்டு அடித்தோம். வந்த கூட்டத்தைப் பற்றிப் பெரியப்பா அன்று சாயங்காலம் சொன்னது: "எண்ணி மாளலடா!" மாள்வதும் சாவதுதானே என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை.