டிஜிட்டல் விளம்பர வேலைக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு 26 வயது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் கணக்கியல் படித்தேன். துவாஸில் ஒரு தளவாட நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 3,300 வெள்ளி சம்பளத்தில் இருக்கிறேன். தஞ்சோங் பகாரில் உள்ள ஒரு டிஜிட்டல் விளம்பர நிறுவனம் 'கேம்பெயின் எக்சிகியூட்டிவ்' வேலைக்கு 3,600 வெள்ளி தருவதாகச் சொல்கிறது. அங்கே இருக்கும் தோழி "ஜாலியா இருக்கும், வா" என்கிறாள். அப்பாவோ, "ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்கு வர்ற வேலை. அதுவும் எத்தனை நாள் நிலைக்குமோ" என்கிறார். எனக்குக் கற்பனைத்திறனும் கிடையாது. உள்ளே உண்மையில் எப்படி இருக்கும்? போகலாமா?
- வாசகி, ஈசூன்

அன்புள்ள தங்கைக்கு,

போகலாம் என்பதுதான் என் எண்ணம். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த நிறுவனத்திடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. வேலை என்னவென்று தெரிந்தால்தான் அந்தக் கேள்வி ஏன் என்பது புரியும். இந்தத் துறையில் பல வருஷம் இருந்தவள் நான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கற்பனைத்திறன் இல்லை என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு வந்திருக்கும் வேலைக்கு அது பெரிதாகத் தேவைப்படாது. படம், வாசகம் எல்லாம் வேறு ஆட்களின் பொறுப்பு. கேம்பெயின் எக்சிகியூட்டிவ் செய்வது, அடுத்தவர் பணத்தைக் கணக்குப் பார்த்துச் செலவழிப்பது. ஒரு வாடிக்கையாளர் மாதம் 30,000 வெள்ளி கொடுத்திருக்கிறார் என்று வையுங்கள். அப்படியானால் ஒரு நாளைக்கு 1,000 வெள்ளி போக வேண்டும். 16ஆம் தேதி காலையில் கணினியைத் திறந்தால் 9,000தான் போயிருக்கிறது. ஏலத்தில் நாம் கேட்ட விலை குறைவாக இருந்திருக்கலாம். யாருக்குக் காட்ட வேண்டும் என்பதை ரொம்பவும் குறுக்கியிருக்கலாம். ஏதோ ஒரு படத்தை, விளம்பரம் வெளியாகும் இணையத் தளம் நிராகரித்து, அதை யாரும் கவனிக்காமல் விட்டிருக்கலாம். மதியத்துக்குள் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும்.

கூடுதலாகப் போய்விட்டால் இன்னும் சிக்கல். நாளுக்கு 500 என்று போட வேண்டிய இடத்தில் 5,000 என்று போட்டால் ஒரே ராத்திரியில் பணம் கரைந்துவிடும். அந்த நஷ்டம் பெரும்பாலும் நிறுவனத்தின் தலையில்தான் விழும். அதனால் நல்ல இடங்களில் ஒருவர் அமைத்ததை இன்னொருவர் வரிவரியாகப் பார்த்த பிறகே விளம்பரம் ஓடும். ஒருவர் தயாரித்த பில்லை இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்திடுவது உங்களுக்குப் பழகிய விஷயம்தானே. கணக்குப் பிரிவிலிருந்து வந்தவர்கள் இந்த வேலையில் சீக்கிரம் தேறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஏலம் என்றேன் அல்லவா? ஒருவர் கைப்பேசியில் ஒரு பக்கம் திறக்கும்போது, அதில் உள்ள விளம்பர இடத்துக்குப் பல கணினிகள் விலை கேட்கின்றன. ஏறக்குறைய 100 மில்லி விநாடியில், அதாவது ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கில், விற்று முடிந்துவிடும். எந்த மனிதரும் அந்த வேகத்துக்கு விலை கேட்க முடியாது. எவ்வளவு வரை கேட்கலாம், யாருக்குக் காட்டலாம், எந்த மாதிரிப் பக்கத்தில் காட்டவே கூடாது என்று முன்கூட்டியே அமைத்துவைப்பதுதான் நம் பங்கு.

அப்புறம் நேரம். அப்பா சொல்வதில் பாதி உண்மை. எல்லா நாளும் பத்து மணி ஆகாது. ஆனால் செப்டம்பர் 9இல் வரும் 9.9 இணைய விற்பனையில் ஆரம்பித்து டிசம்பரின் 12.12 வரைக்கும் உள்ள மாதங்கள் கடுமையானவை. தீபாவளி சரியாக அதற்கு நடுவில்தான் வரும். 2024இல் அக்டோபர் 31 தீபாவளி, அடுத்த பதினோராவது நாள் 11.11. முறுக்குச் சுடும் வாரத்தில் உங்கள் கைப்பேசி அடித்துக்கொண்டே இருக்கும். அதனால் தீபாவளி விடுப்பை ஜூலையிலேயே எழுதிக் கொடுத்து, அந்த நாட்களில் உங்கள் வாடிக்கையாளர்களின் விளம்பரங்களை யார் பார்ப்பார் என்பதையும் பெயரோடு முடிவுசெய்துகொள்ளுங்கள். சிங்கப்பூர் அலுவலகங்கள் பல இந்தோனீசியா, தாய்லாந்து, வியட்னாம் வேலையையும் சேர்த்துப் பார்க்கின்றன. ஜகார்த்தா நமக்கு ஒரு மணி நேரம் பின்னால் என்பதால் அது பெரிய தொல்லையில்லை. லண்டனில் தலைமையகம் இருந்தால்தான் மாலைக் கூட்டங்கள் நீளும்.

சம்பளக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். 300 வெள்ளி கூடுகிறது. அதில் 20 விழுக்காடு உங்கள் மசேநிதிக்குப் போனால் கையில் மாதம் 240 வெள்ளி அதிகம். வேலை நியமனச் சட்டம் 2019 ஏப்ரலிலிருந்து மேலாளர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் பொருந்துகிறது. ஆனால் மிகைநேர ஊதியமும் வேலை நேர வரம்பும் வேறு. அலுவலக வேலையில் இருப்பவருக்கு அடிப்படைச் சம்பளம் 2,600 வெள்ளியைத் தாண்டினால் சட்டப்படி அவை கிடையாது. இப்போதைய வேலையில் ஆறு மணிக்குக் கிளம்புகிறவர், அங்கே வாரத்தில் மூன்று நாள் ஒன்பது மணி வரை உட்கார்ந்தால் அந்த 240 வெள்ளிக்கு அர்த்தமே இல்லை. எனவே சம்பளத்தை மட்டும் நினைத்துப் போகாதீர்கள். தொழிலைக் கற்றுக்கொள்ளப் போவதாக இருந்தால் போங்கள். துவாஸ் பயணம் மிச்சமாவதும் லாபம்தான்.

இனி நான் சொன்ன அந்தக் கேள்விக்கு வருகிறேன். இந்த நிறுவனம் தன் வாடிக்கையாளரிடம் எண்களைப் பற்றி உண்மை பேசுமா?

ஒரு விளம்பரம் 'பார்க்கப்பட்டது' என்று எண்ணுவதற்கு இந்தத் துறை ஏற்றுக்கொண்ட அளவு என்ன தெரியுமா? படத்தின் பாதி, திரையில் ஒரு விநாடி தெரிந்தால் போதும். வீடியோ என்றால் இரண்டு விநாடி. ஆகவே 'பத்து லட்சம் முறை பார்க்கப்பட்டது' என்று அறிக்கை எழுதுவது முறைதான். அதையே 'பத்து லட்சம் பேர் பார்த்தார்கள்' என்று மாற்றி எழுதினால் பொய். ஒரே ஆளுக்கு இருபது தடவை காட்டியிருக்கலாம். வாடிக்கையாளருக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்காது. அறிக்கை தயாரிக்கும் உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

இன்னொன்று இதைவிட முக்கியம். தேக்காவில் பல வருஷமாக இருக்கும் ஒரு நகைக்கடை உங்கள் வாடிக்கையாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அம்மா கூகலில் அந்தக் கடையின் பெயரையே தட்டித் தேடுகிறார். முதல் வரியில் கடையின் விளம்பரம் வருகிறது. அதைத் தொட்டு உள்ளே போய் வளையல் வாங்குகிறார். அவர் ஏற்கெனவே அந்தக் கடைக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். விளம்பரம் இல்லாவிட்டாலும் அநேகமாக வாங்கியிருப்பார். அறிக்கையில் மட்டும் அந்த விற்பனை முழுவதும் விளம்பரத்தின் பெயரில் ஏறிவிடும். இப்படிப்பட்ட இடத்தில் இன்னும் கொஞ்சம் பணத்தைப் போட்டால் எண்கள் பிரமாதமாகத் தெரியும். கடைக்கோ புதிதாக ஒரு ஆள்கூட வந்திருக்க மாட்டார்.

நேர்மையான குழு என்ன செய்யும்? "இதை இரண்டு வாரம் நிறுத்திப் பார்ப்போம். விற்பனை குறைகிறதா என்று தெரிந்துவிடும்" என்று தானாகவே வாடிக்கையாளரிடம் சொல்லும். பல நிறுவனங்களின் வருமானம் வாடிக்கையாளர் செலவழிக்கும் தொகையில் இத்தனை விழுக்காடு என்றுதான் இருக்கிறது. அப்படியிருக்க 'செலவைக் குறையுங்கள்' என்று சொல்வதற்கு மனத்துணிவு வேண்டும். அந்தத் துணிவு உள்ள தலைவர்களிடம் நான் வேலை பார்த்திருக்கிறேன். இராத்திரி தாமதமானாலும் காலையில் மறுபடி போகப் பிடிக்கும். எண்களைப் பூசி மெழுகும் இடத்தில் ஆறு மணிக்கே கிளம்பினாலும் மனசு பாரமாக இருக்கும். இந்தத் துறையை விட்டுப் போனவர்களில் எனக்குத் தெரிந்த பலர், நேரத்தைவிட இதனால்தான் போனார்கள்.

விதிகளிலும் இதே நிலைதான். பானங்களின் சர்க்கரை, கொழுப்பு அளவைக் காட்டும் நியூட்ரி-கிரேடில் 'டி' தரம் பெற்றவற்றுக்கு, 2022 டிசம்பர் 30 முதல் இங்கே விற்பனை இடங்களைத் தவிர வேறெங்கும் விளம்பரம் செய்யக் கூடாது. உரிமம் பெற்ற கடன் கொடுப்போர்கூடத் தங்கள் இணையத்தளம், கடை, வணிகத் தகவலேடு தவிர வேறெங்கும் விளம்பரம் செய்ய முடியாது. மின்னிலக்க நாணயச் சேவைகளைப் பொதுமக்களிடம் விளம்பரப்படுத்தக் கூடாது என்று சிங்கப்பூர் நாணய ஆணையம் 2022 ஜனவரியில் வழிகாட்டி வெளியிட்டது. எப்போதாவது ஒரு வாடிக்கையாளர் "சின்னதா, யாருக்கும் தெரியாம ஓட்டலாமே" என்பார். பட்டனை அழுத்துவது உங்கள் கை. அப்போது உங்கள் தலைவர் பக்கத்தில் நிற்பாரா என்பதை இப்போதே தெரிந்துகொள்ள வேண்டும்.

எப்படிக் கேட்பது? மனிதவளப் பிரிவிடம் கேட்காதீர்கள். உங்களுக்கு நேர் மேலே இருக்கப் போகிறவரைச் சந்திக்க வேண்டும் என்று சொல்லி அரை மணி நேரம் வாங்குங்கள். "கடைசியாக ஒரு கேம்பெயின் சரியாகப் போகாதபோது வாடிக்கையாளரிடம் என்ன சொன்னீர்கள்?" என்று கேளுங்கள். நல்லவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, நடந்ததை நடந்தபடி சொல்வார்: எது தவறியது, எப்போது சொன்னோம், அவர் எப்படிக் கோபப்பட்டார். "எங்களுக்கு அப்படி நடந்ததே இல்லை" என்று பதில் வந்தால் துவாஸிலேயே இருங்கள். ஒருவர் எத்தனை வாடிக்கையாளர்களைக் கவனிக்க வேண்டும் என்பதையும் அப்படியே கேட்டுவிடலாம். 'ஜாலி' என்ற தோழியிடமும் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று கட்டாயம் நடக்கும், இப்போதே சொல்லிவைக்கிறேன். அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவர்கள் ஓரிருவர்தான் இருப்பீர்கள். நான்கு மொழிகளில் போகும் விளம்பரங்களில் தமிழ் எப்போதும் கடைசியில் வரும். வடிவமைப்பு மென்பொருளில் கொம்பும் காலும் இடம் மாறி எழுத்தே உடைந்திருக்கும். அச்சுக்குப் போக அரை மணி நேரம் இருக்கும்போது "கொஞ்சம் பார்த்துக் கொடு" என்பார்கள். பார்த்துக் கொடுங்கள். நம் மொழி உடைந்த எழுத்துகளோடு பேருந்து நிறுத்தத்தில் தொங்குவதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும். ஆனால் அடுத்த முறை இரண்டு நாள் முன்னதாக வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள், அதை உங்கள் வேலைப் பட்டியலிலும் சேர்க்கச் சொல்லுங்கள். அது தனித் திறமை. இலவச உதவியாக ஆகிவிடக் கூடாது.

நிலைக்குமா என்ற அப்பாவின் பயம் நியாயமானது. 2022 நவம்பரில் மெட்டா ஏறக்குறைய 11,000 பேரையும், 2023 ஜனவரியில் கூகல் ஏறக்குறைய 12,000 பேரையும் குறைப்பதாக அறிவித்தன. சின்ன நிறுவனங்களில் ஒரு பெரிய வாடிக்கையாளர் போனாலே ஒரு குழு கலைந்துவிடும். விலையை ஏற்றி இறக்கும் வேலையையும் இப்போது பெரும்பாலும் தளங்களே தானாகச் செய்கின்றன. அதனால் பட்டன் அழுத்த மட்டும் தெரிந்தவருக்குக் கஷ்டம்தான். அந்த எண் எங்கிருந்து வந்தது, நம்பலாமா என்று கேட்கத் தெரிந்தவரின் தேவை கூடியிருக்கிறது. உங்கள் கணக்கியல் படிப்பு அங்கேதான் கைகொடுக்கும். ஒருவேளை வேலை போனாலும் அந்தப் பழக்கத்தோடு எந்த நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கும் திரும்பலாம். அப்பாவிடம் இதையே சொல்லுங்கள்.

நியமனக் கடிதம் கையில் வரும்வரை ராஜினாமா கொடுக்க வேண்டாம். முக்கிய வேலை விதிமுறைகளை, சேர்ந்த 14 நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும் என்பது சட்டம். நீங்கள் சேர்வதற்கு முன்பே கேட்டு வாங்கி, சோதனைக் காலம், முன்னறிவிப்புக் காலம் இரண்டையும் படியுங்கள். சோதனைக் காலம் முடிந்த பிறகு, வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய வேண்டுமானால் முறைப்படி எழுதிக் கேட்கலாம். 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள முத்தரப்பு வழிகாட்டியின்படி, இரண்டு மாதத்துக்குள் அவர்கள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும்.

அந்த அரை மணி நேரச் சந்திப்பில் உங்கள் வருங்கால மேலாளர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.