கணினிக் கேள்வி பதில்: உரிமப் பூட்டுள்ள மென்பொருளை வாடிக்கையாளரிடம் சேர்ப்பது

கேள்வி: ஜவுளிக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருளை விண்டோஸுக்காக எழுதி விற்கிறோம். கடைக் கணினியின் மேக் முகவரியையும் (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) மதர்போர்டு வரிசை எண்ணையும் முன்கூட்டியே வாங்கி, அவற்றை உள்ளே பொதித்து, ஆளுக்கொரு செட்டப் கோப்பு தயாரித்துத் தருகிறோம். ஆனால் பணம் கட்டியவர்களே, ‘லைசென்ஸ் செல்லாது’ என்று வருவதாகத் தொலைபேசியில் அழைக்கிறார்கள். எங்கே தவறுகிறோம்? (வாசகர், ஈரோடு)

பதில்: நிறுவுவது, உரிமம் வழங்குவது என்ற இரண்டு வேலைகளை ஒரே கோப்பின் தலையில் ஏற்றியிருக்கிறீர்கள். செட்டப் கோப்பு எல்லா வாடிக்கையாளருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். யாருக்கு, எத்தனை கணினிக்கு, எந்தத் தேதி வரை என்பதைச் சொல்லும் உரிமக் கோப்பை மட்டும் தனியாக அனுப்புங்கள். அது மின்னஞ்சலில் எளிதாகப் போய்விடும் அளவுக்குச் சிறியதுதான். இல்லாவிட்டால், வரி விகிதம் மாறி ஒரு வரியைத் திருத்தினாலும், அத்தனை கடைகளுக்குமான செட்டப்பை நீங்கள் மறுபடி கட்ட வேண்டியிருக்கும்.

உரிமக் கோப்பில், உங்களிடம் மட்டுமே இருக்கும் தனிச்சாவியால் மின்கையொப்பம் இடுங்கள். மென்பொருளுக்குள், அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்க மட்டுமே உதவும் பொதுச்சாவி இருந்தால் போதும். யாராவது நோட்பேடில் திறந்து தேதியை மாற்றினால் கையொப்பம் பொருந்தாது. ரகசியச் சாவியையே நிரலுக்குள் ஒளித்துவைத்து, அதைக் கொண்டு உரிமத்தைச் சரிபார்க்கும் முறை இன்னமும் பல இடங்களில் இருக்கிறது. அந்தச் சாவியை ஒருவர் ஒருமுறை எடுத்துவிட்டால், உங்கள் பெயரில் எத்தனை உரிமம் வேண்டுமானாலும் அவர் அச்சடித்துக்கொள்ளலாம்.

அடுத்தது கணினியை அடையாளம் காண்பது. நீங்கள் தேர்ந்தெடுத்த இரண்டு அடையாளங்களுமே நம்பத்தகாதவை. வைஃபை அணைந்தாலும், வி.பி.என். மென்பொருள் ஏறினாலும், நெட்வொர்க் கார்டை மாற்றினாலும் உங்கள் நிரலின் கண்ணில் படும் மேக் முகவரி வேறாகிவிடலாம். மதர்போர்டு வரிசை எண்ணோ, கடைகளில் சேர்த்துக் கட்டிய கணினிகள் பலவற்றில் நிரப்பப்படாமலே கிடக்கும். அந்த இடத்தில் ‘டு பி ஃபில்டு பை ஓ.ஈ.எம்.’ (தயாரிப்பாளர் நிரப்ப வேண்டியது) என்ற வாசகம் மட்டும் இருக்கும். அப்படிப்பட்ட இரண்டு கடைகள் உங்கள் நிரலுக்கு ஒரே கணினியாகத் தெரியும். ஆகவே நான்கைந்து அடையாளங்களை எடுத்து, அவற்றில் பெரும்பாலானவை பொருந்தினால் ஏற்றுக்கொள்ளுங்கள். பொருந்தாதபோதும் உடனே பூட்டிவிடாமல், எச்சரிக்கையைக் காட்டிச் சில நாள் அவகாசம் கொடுங்கள். தீபாவளிக்கு முந்தின மாலை ஹார்ட் டிஸ்க் போய், புதியதில் மென்பொருளை ஏற்றிய கடைக்காரர் உங்கள் அலுவலகம் திறக்கும்வரை காத்திருக்க மாட்டார்.

இன்னொன்றையும் வலியுறுத்திச் சொல்கிறேன். உரிமம் தீர்ந்துபோனாலும் பழைய பில்களைப் பார்க்கவும் அச்செடுக்கவும் முடிய வேண்டும். ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்வதற்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டிய கடமை கடைக்காரருடையது. அவருடைய கணக்கை அவருக்கே மறைக்கும் பூட்டை நான் பாதுகாப்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: உரிமையாளர் தன் கணக்கில் நுழைந்து உரிமத்தை ஏற்றினால் வேலை செய்கிறது. அதே கணினியில் காசாளர் நுழைந்தால் மறுபடி உரிமம் கேட்கிறது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. (வாசகி, மதுரை)

பதில்: உங்கள் மென்பொருள் பழைய 32 பிட் நிரலாக இருந்து, உரிமக் கோப்பை ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறையில் எழுத முயல்கிறது என்று ஊகிக்கிறேன். விஸ்டா காலம் முதல், நிர்வாகி அனுமதியின்றி ஓடும் இத்தகைய நிரல் அங்கே எழுத முயன்றால், விண்டோஸ் அதைத் தடுக்காமல், அந்தப் பயனரின் சொந்தக் கோப்புறைக்குள் ‘விர்ச்சுவல்ஸ்டோர்’ என்ற இடத்துக்குச் சத்தமில்லாமல் திருப்பிவிடுகிறது. உரிமையாளருக்குக் கோப்பு இருப்பதாகவே தெரியும். காசாளருக்கு அது இல்லை. நிரலை 64 பிட்டுக்கு மாற்றினால் இந்தத் திருப்பல் நடக்காது, எழுதும் முயற்சியே தோற்கும். உரிமத்தை, எல்லாப் பயனர்களுக்கும் பொதுவான ‘புரோகிராம்டேட்டா’வில் உங்கள் நிறுவனத்துக்கான கோப்புறையில் வையுங்கள். அந்தக் கோப்புறையைச் செட்டப்பே உருவாக்கி, சாதாரணப் பயனர்களுக்கும் அதில் எழுதும் அனுமதியைக் கொடுக்க வேண்டும். புதிய பதிப்பை ஏற்றும்போது பழையதை நீக்கும் கட்டம் உரிமக் கோப்பையும் சேர்த்துத் துடைக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: செட்டப்பைத் திறந்தாலே ‘அறியப்படாத வெளியீட்டாளர்’ என்ற எச்சரிக்கை வருகிறது, சில இடங்களில் ஆன்டிவைரஸ் கோப்பையே அழித்துவிடுகிறது. (வாசகர், சேலம்)

பதில்: முதலாவதற்கு, மென்பொருளை வெளியிடுவது நீங்கள்தான் என்று காட்டும் குறிமுறைக் கையொப்பச் சான்றிதழ் (கோட் சைனிங்) வாங்க வேண்டும். 2023 ஜூன் முதல், இச்சான்றிதழின் தனிச்சாவி பாதுகாப்பான வன்பொருளில்தான் இருக்க வேண்டும் என்பது விதி, ஆகவே யு.எஸ்.பி. டோக்கனாகவோ கிளவுட் சேவையாகவோதான் அது கிடைக்கும். செட்டப்பில் மட்டுமின்றி, உள்ளே போகும் இயங்கு கோப்புகளிலும் கையொப்பமிடுங்கள். கையொப்பமிடும்போது நேர முத்திரையையும் (எப்போது கையொப்பமிட்டீர்கள் என்பதற்கான சான்று) சேர்க்க மறந்தால், சான்றிதழ் காலாவதியாகும் நாளில் பழைய கோப்புகளின் கையொப்பமும் செல்லாததாகிவிடும். கையொப்பம் இருந்தாலும், புதிய கோப்புக்கு நற்பெயர் சேரும்வரை விண்டோஸின் பாதுகாப்பு வடிகட்டியான ஸ்மார்ட்ஸ்கிரீன் சில காலம் எச்சரிக்கலாம். ஆன்டிவைரஸ் தொல்லைக்குப் பெரும்பாலும் காரணம், நிரலைச் சுருக்கி மறைக்கும் பேக்கர் கருவிகள். வைரஸ் எழுதுபவர்களும் அவற்றையே பயன்படுத்துவதால் சந்தேகம் உங்கள் மேலும் விழுகிறது. பேக்கரை நீக்கிவிட்டுச் சோதித்துப் பாருங்கள்.

கேள்வி: இவ்வளவு சிக்கலுக்கு டாங்கிள் (கணினியில் செருகினால்தான் மென்பொருள் ஓடும் சிறு கருவி) கொடுத்துவிடலாமே? (வாசகர், திருப்பூர்)

பதில்: இணைய வசதியே இல்லாத ஆலைகளுக்கும், லட்சக்கணக்கில் விலையுள்ள வடிவமைப்பு மென்பொருளுக்கும் கொடுக்கலாம். பில்லிங் மென்பொருளுக்கு வேண்டாம். சில வகை டாங்கிள்களுக்கு டிரைவரையும் நிறுவ வேண்டும், தொலைந்தால் புதியதைக் கூரியரில் அனுப்ப வேண்டும், அது போய்ச் சேரும்வரை கடையில் பில் போட முடியாது.