12 சதவீதம் என்றால் உடனே ஸ்டென்டா?

வணக்கம். அப்பாவுக்கு 62 வயது, மாடி ஏறினால் நெஞ்சு இறுக்கம், ஸ்ட்ரெஸ் தாலியம் ஸ்கேனில் 12 சதவீதம் 'ரிவர்சிபிள்' என்று வந்திருக்கிறது, உடனே ஸ்டென்ட் வைக்காவிட்டால் ஆபத்தா என்று கேட்டிருந்தீர்கள்.

இந்த ஸ்கேன், இதயத் தசைக்கு எவ்வளவு ரத்தம் போகிறது என்பதை ஓய்வில் ஒரு முறை, உழைப்பின்போது ஒரு முறை படம் எடுக்கிறது. ரிவர்சிபிள் என்றால் இதயத் தசையில் அந்த 12 சதவீதப் பகுதிக்கு ஓய்வில் ரத்தம் போதுகிறது, உழைப்பின்போது போதவில்லை. அந்தத் தசை உயிரோடுதான் இருக்கிறது. வடுவாகிப்போன இடம் என்றால் இரண்டு படத்திலும் குறை தெரியும். 10 சதவீதத்தைத் தாண்டினால் அதிக ஆபத்து என்றே கணக்கு, அதனால் அலட்சியம் வேண்டாம்.

ஆனால் அதற்காக இன்றே ஸ்டென்ட் என்றும் ஆகாது. 2020-ல் வெளியான 'இஸ்கீமியா' என்ற ஆய்வில் இப்படி மிதமான அல்லது கடுமையான ரத்த ஓட்டக் குறை உள்ள 5,179 பேரைப் பார்த்தார்கள். முதலிலேயே ஆஞ்சியோகிராம் செய்து அடைப்பைச் சரிசெய்தவர்களுக்கும், மருந்தில் தொடங்கியவர்களுக்கும் மரணம், மாரடைப்பு இரண்டிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. நெஞ்சுவலி மட்டும் முதல் குழுவில் நன்றாகக் குறைந்தது.

ஒரு முக்கியமான விஷயம்: இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் இடது பிரதான நாளத்தில் பெரிய அடைப்பு உள்ளவர்களையும், இதயத்தின் பம்ப் திறன் 35 சதவீதத்துக்குக் கீழே உள்ளவர்களையும் அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. அப்பாவுக்கு இந்த இரண்டும் இல்லை என்று உறுதியாகிவிட்டதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். டிரெட்மில்லில் எத்தனை நிமிடம் நடந்தார், நடுவில் ரத்த அழுத்தம் இறங்கியதா என்பதையும் ரிப்போர்ட்டில் பாருங்கள். எனக்கு அந்த 12-ஐவிட இவைதான் பெரிதாகப் படுகின்றன.

அப்புறம், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்தால் யோசிக்காமல் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.