லேவியராகமத்தில் நின்றுபோகிற வண்டி

தினமும் வேதம் வாசிப்பதில் உங்களுக்கு என்ன சிக்கல் என்று போன இதழில் ஒரு வரி கேட்டிருந்தோம். இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிப் பேர் தங்களைத் தாங்களே திட்டிக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். அதைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.

*ஒவ்வொரு ஜனவரியும் இந்த வருடம் வேதாகமத்தை முழுசாக முடிப்பது என்று ஆரம்பிக்கிறேன் ஐயா. பிப்ரவரியில் நின்றுபோகிறது. ஐந்து வருடமாக இதே கதை. எனக்கு விசுவாசம் குறைவா?*
வாசகர், சாயர்புரம்

விசுவாசக் குறைவு அல்ல, கணக்குதான் உங்களைக் கவிழ்க்கிறது. ஒரு நாளைக்கு மூன்று அதிகாரம் என்றால் ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40, ஆக 90 அதிகாரம் ஜனவரி 30-ம் தேதியோடு முடியும், 31-ம் தேதி காலையில் லேவியராகமத்தின் வாசலில் நிற்பீர்கள். உள்ளே போனால் சர்வாங்க தகனபலி, போஜனபலி, கொழுப்பு, குண்டிக்காய், அப்புறம் 13, 14-ம் அதிகாரங்களில் குஷ்டம், வீட்டுச் சுவரில் தோஷம். ஊர் வண்டியெல்லாம் அங்கேதான் நிற்கிறது. என் வண்டியும் பல வருடம் அங்கே நின்றிருக்கிறது.

மொத்தம் 1189 அதிகாரம். வாரநாளில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று போனால் வருடத்தில் முடிந்துவிடும், பழைய ஆட்கள் போட்டுவைத்த கணக்கு அது. இன்னொன்றும் இருக்கிறது. 1842-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்துப் போதகர் ராபர்ட் மெக்செயின் தன் சபையாருக்கு ஒரு அட்டவணை எழுதிக் கொடுத்தார். நாளுக்கு நான்கு அதிகாரம், நான்கும் வேறு வேறு இடத்திலிருந்து, வருடத்தில் பழைய ஏற்பாடு ஒருமுறையும் புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு முறையும் முடியும். இன்றைக்கும் பலர் கையில் இருக்கிற அட்டவணை அதுதான். ஆனால் அவர் அதோடு சேர்த்து அதன் ஆபத்துகளையும் எழுதிவைத்தார் என்பதைப் பலர் சொல்வதில்லை: வாசிப்பு சடங்காகிவிடலாம், முடித்துவிட்டோம் என்று பெருமை வரலாம், கவனமில்லாமல் ஓடலாம், சிலருக்குச் சுமக்கமுடியாத நுகமாகவும் ஆகலாம் என்று. அட்டவணை போட்ட மனுஷனே இப்படிச் சொல்லியிருக்கும்போது நீங்கள் ஏன் உங்களை அடித்துக்கொள்கிறீர்கள்?

என் கதையைச் சொல்கிறேன். ஒரு வருடம் எரிச்சலில், இந்தப் புஸ்தகத்தைத் தாண்டிப்போவதில்லை, ஒரு நாளைக்குப் பத்து வசனம்தான், அதற்குமேல் இல்லை என்று லேவியராகமத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். 19-ம் அதிகாரம் வந்தது. வயல் ஓரத்தில் இருக்கிறதைத் தீர அறுக்காதே, சிந்தின கதிரைப் பொறுக்காதே, அது எளியவனுக்கு என்று முதலில் வருகிறது (ரூத் பிற்பாடு போவாசின் வயலில் பொறுக்கியது இந்தச் சட்டத்தினால்தான்). நன்றாக இருக்கிறதே என்று சந்தோஷமாக வாசித்துக்கொண்டே வந்தேன். 13-ம் வசனம், கூலிக்காரனுடைய கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது. அந்த வாரம்தான் எங்கள் வீட்டுக்கு வெள்ளையடித்தவருக்குப் பாக்கி வைத்து, பென்ஷன் வந்ததும் தருகிறேன், திங்கட்கிழமை வாங்க என்று அனுப்பியிருந்தேன். பணம் பீரோவில்தான் இருந்தது. அதை எடுத்துக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

அதற்கப்புறம் 14-ம் வசனத்துக்குப் போக முடியவில்லை. போன் போட்டேன், எடுக்கவில்லை, சாயங்காலம் அவர் வீட்டைத் தேடிப்போய்க் கொடுத்தேன். 'என்ன சார், திங்கட்கிழமைன்னுதானே சொன்னீங்க' என்றார். என்ன பதில் சொல்வது? லேவியராகமம் 19:13 என்றா? டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அதனால் இந்தத் தடவை நீங்கள் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். வருடம் முடிந்தும் நீங்கள் எண்ணாகமத்தில் நின்றால் யாரும் வந்து பரீட்சை வைக்கப்போவதில்லை.

*வருஷப் பிறப்பு ராத்திரி ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டை எரேமியா 29:11. என் கணவர் வேலைக்காக நாங்கள் நாகர்கோவிலை விட்டு ஓசூர் வந்து மூன்று வருடம் ஆகிறது. இந்த வருடம் மாற்றல் கிடைத்து ஊருக்குப் போய்விடுவோம் என்று அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தேன். நடக்கவில்லை. வசனம் பொய்யாகுமா அண்ணா?*
பெயர் வேண்டாம், ஓசூர்

தங்கச்சி, இந்தக் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். காரணம், வேதாகமம் முழுக்கத் தேடினாலும் உங்கள் நிலைமைக்கு இவ்வளவு பொருந்துகிற அதிகாரம் வேறு கிடைக்காது. ஆனால் அட்டையில் ஒரே ஒரு வசனத்தை மட்டும் வெட்டி அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

அது ஒரு கடிதம். எருசலேமிலிருந்து எரேமியா எழுதுகிறார், பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு. அவர்களுக்கும் ஊர் ஞாபகம்தான். அதற்கு முந்தின 28-ம் அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறான், இரண்டே வருடம், எல்லாரும் திரும்பிவிடுவீர்கள் என்று சொல்லி ஜனங்களைக் கைதட்ட வைக்கிற ரகம். எரேமியாவின் கடிதம் அதற்கு நேர் எதிர். வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் பழத்தைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், எழுபது வருடம் ஆகும் என்கிறார். எழுபது! கடிதத்தை வாசிக்கக் கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் ஊர் திரும்பியிருக்கமாட்டார்கள். அவர்களுக்குத்தான் 11-ம் வசனம், நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவானவை என்று.

இப்போது 7-ம் வசனத்தைத் திறந்து பாருங்கள். நீங்கள் போய் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக விண்ணப்பம்பண்ணுங்கள், அதற்குச் சமாதானமிருக்கையில் உங்களுக்கும் சமாதானமிருக்கும் என்று இருக்கிறது. 11-ல் வருகிற அதே சமாதானம், மூல எபிரெயத்திலும் அதே சொல், ஷாலோம். கர்த்தர் உங்களுக்காக நினைத்து வைத்திருக்கிற சமாதானமும், உங்களுக்குப் பிடிக்காத அந்த ஊருடைய சமாதானமும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக் கிடக்கிறது.

மாற்றல் வராது என்று நான் சொல்லவில்லை, அடுத்த மாதமே வரலாம், வரட்டும். ஆனால் மூன்று வருடமாகப் பெட்டியைப் பிரிக்காமல் வாழ்கிறீர்களோ என்று உங்கள் கடிதத்தின் மற்றப் பகுதியைப் பார்த்தால் தோன்றுகிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் பேர்கூடத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்களே. முதலில் அதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு செடி வையுங்கள், ரோஜாவை வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஊரில் இருந்துகொண்டு செடி வைக்க என்னிடமா யோசனை கேட்க வேண்டும்.

அட்டை எடுப்பது தப்பா என்று இன்னும் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள், இங்கேயே சொல்லிவிடுகிறேன். இது புதுப் பழக்கம் அல்ல. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் சின்சன்டார்ஃப் பிரபு 1728-ல் தன் மொரேவிய சபைச் சகோதரர்களுக்கு மறுநாளைக்கென்று ஒரு வசனம் கொடுக்க ஆரம்பித்தார், 1731-லிருந்து அது வருடத்துக்கு ஒரு புஸ்தகமாக அச்சாகிறது, இன்றைக்கும் அங்கே சீட்டுப் போட்டுத்தான் வசனம் எடுக்கிறார்கள். அந்த மொரேவிய சகோதரர்கள் 1760-ல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து பல வருடம் இருந்தார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் கவனியுங்கள், அங்கே ஒரு நாளைக்கு ஒரு வசனம், அன்றைக்கு முழுக்க அதைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள், மறுநாள் வேறு வசனம். நாம் ஒரு வசனத்தைச் சட்டம் போட்டு மாட்டி, 365 நாளைக்கும் சேர்த்து இன்சூரன்ஸ் பாலிசி மாதிரி பண்ணிவிட்டோம். அட்டை எடுங்கள், தாராளமாக. எடுத்த அன்றைக்கே அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து கடைசி வசனம்வரை வாசியுங்கள்.

*தியானம் என்றால் கண்ணை மூடி மனதை வெறுமையாக்குவதா? எனக்குக் கண்ணை மூடினால் தூக்கம்தான் வருகிறது.*
வாசகி, மார்த்தாண்டம்

தூங்குங்கள், தப்பில்லை. முதலாம் சங்கீதத்தில் இரவும் பகலும் தியானமாயிருக்கிறவன் என்று வருகிறதே, அங்கே இருக்கிற எபிரெயச் சொல் ஹாகா. அதற்கு முணுமுணுப்பது என்று அர்த்தம். ஏசாயாவில் இரையைப் பிடித்த சிங்கம் உறுமுவதற்கும் (31:4) புறா புலம்புவதற்கும் (38:14) இதே சொல்தான். ஆக, வாய் அசையவேண்டும், சத்தம் வரவேண்டும். யோசுவாவுக்கும் புஸ்தகம் உன் வாயைவிட்டுப் பிரியாதிருப்பதாக என்றுதான் சொல்லப்பட்டது.

என் பாட்டிக்கு எழுத்து தெரியாது. தென்காசிப் பக்கம், பீடி சுற்றுவாள். கோவிலில் கேட்டுக் கேட்டே 121-ம் சங்கீதம் பாடம், இலையை வெட்டும்போது முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள், நூல் கட்டும்போது ஒரு வரி நிற்கும், அடுத்த பீடிக்கு அடுத்த வரி. 'எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்கள்' என்றால் அவளுக்குக் குற்றாலத்து மலைதான். 'மலை மழை குடுக்கும்ல, அந்த மலையப் பண்ணுனவரு யாருல?' என்று என்னிடம் ஒருநாள் கேட்டாள். இரண்டாம் வசனம் அதைத்தான் சொல்கிறது, ஒத்தாசை வருவது வானத்தையும் பூமியையும் உண்டாக்கின கர்த்தரிடத்திலிருந்து என்று. இதை நான் விளக்கவுரையில் வாசித்துத் தெரிந்துகொண்டது முப்பது வயதுக்கு அப்புறம். நீங்கள் கண்ணைத் திறந்துகொண்டே, பாத்திரம் தேய்த்துக்கொண்டே செய்யலாம்.

*ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பழைய திருப்புதல் தமிழ் புரியவில்லை. புது மொழிபெயர்ப்புக்கு மாறினால் பெரியவர்கள் சண்டைக்கு வருகிறார்கள்.*
ஆசிரியை, மதுரை

சண்டை எதற்கு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நாம் பழையது என்று சொல்கிற திருப்புதல் 1871-ல் வந்தது. அது வந்தபோது ஃபெப்ரீஷியஸ் மொழிபெயர்ப்பிலேயே ஊறிப்போனவர்களுக்கு அதுதான் புதுசு. சங்கீதம் 23 ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 'நான் தாழ்ச்சியடையேன்' என்று நம் பிள்ளைகள் கடகடவென்று ஒப்பிப்பார்கள், தாழ்ச்சி என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள், யாரும் என்னைத் தாழ்வாக நினைக்கமாட்டார்கள் என்பான் ஒருவன். 1995-ல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பில் 'ஆண்டவரே என் ஆயர். எனக்கேதும் குறையில்லை' என்று இருக்கிறது. அப்பாடா, அர்த்தம் விளங்கிவிட்டது. இப்போது பழையதைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். மனப்பாடத்துக்குப் பழையது நன்றாக நிற்கிறது என்பது என் கட்சி, அந்த ஓசை நம் காதில் விழுந்து வளர்ந்தது. புரிந்துகொள்ளப் புதியது. பெரியவர்களையும் ஒருநாள் வகுப்பில் உட்காரவைத்து அந்தத் தாழ்ச்சிக் கேள்வியைக் கேளுங்கள்.

*கண்ணை மூடி வேதாகமத்தைத் திறந்து விரல் வைக்கிற இடத்தில் ஆண்டவர் பேசுவார் என்று என் தோழி சொல்கிறாள்.*
கல்லூரி மாணவி, திருச்சி

உங்கள் அம்மா எழுதின கடிதத்தை நீங்கள் அப்படியா வாசிப்பீர்கள்?

*போனில் வாசிக்கலாமா, புஸ்தகம்தான் வேண்டுமா?*
வாசகர், சென்னை

பஸ்ஸில் போன், வீட்டில் புஸ்தகம். போனில் வாசிக்கும்போது மேலே ஒரு மெசேஜ் எட்டிப் பார்க்கும், நீங்களும் அதை எட்டிப் பார்ப்பீர்கள், அதோடு எபேசியர் போயிற்று. எனக்கு நடப்பதைத்தான் சொல்கிறேன்.

*வாசிக்கிறேன், ஜெபிக்கிறேன், ஒன்றும் தோன்றவில்லை. அம்மா இறந்து எட்டு மாதம் ஆகிறது. முன்பு வசனம் வாசித்தால் அழுகை வரும், இப்போது அதுகூட இல்லை.*
பெயர் வேண்டாம்

உங்களுக்கு வசனம் சொல்லி ஆறுதல்படுத்தப் பலர் வந்திருப்பார்கள், நான் அந்த வரிசையில் நிற்கவில்லை. 88-ம் சங்கீதத்தை மட்டும் வாசியுங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் எங்கேயோ ஒரு இடத்தில் திரும்பி, 'ஆனாலும்' என்று நம்பிக்கைக்கு வந்துவிடும். இது வராது. இருட்டிலேயே தொடங்கி, அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்று இருட்டிலேயே முடிந்துவிடுகிறது. அதையும் ஜெபம் என்று சேர்த்துக்கொண்டுதான் 150 சங்கீதமும் நம் கைக்கு வந்திருக்கிறது. இரண்டு நிமிடம் ஆகும். அதற்குமேல் இப்போதைக்கு வேண்டாம். யாராவது சாப்பாடு கொண்டுவந்தால் வாங்கிச் சாப்பிடுங்கள், ராத்திரி தூக்கமே இல்லையென்றால் டாக்டரைப் பாருங்கள், அதற்கும் விசுவாசத்துக்கும் சண்டை இல்லை. மறுபடியும் எழுதுங்கள், பதில் பத்திரிகையில் போடாமல் தபாலில் அனுப்புகிறேன்.

*நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவன் அல்ல. கல்யாணத்துக்கு அப்புறம் மனைவியோடு கோவிலுக்குப் போகிறேன். முதலில் எதை வாசிக்க?*
வாசகர், ஈரோடு

மாற்கு. 16 அதிகாரம்தான், நான்கு சுவிசேஷங்களிலும் சின்னது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தால் காபி ஆறுவதற்குள் இல்லாவிட்டாலும் சாயங்காலத்துக்குள் முடித்துவிடலாம். மனிதர் ஓடிக்கொண்டே எழுதினமாதிரி இருக்கும், 'உடனே', 'உடனே' என்று வந்துகொண்டே இருக்கும். ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு உங்கள் தமிழ் வேதாகமத்தில் அந்த 'உடனே'யை அடிக்கோடு போட்டு எண்ணிக்கொண்டே வாருங்கள், உங்கள் மனைவியையும் தனியாக எண்ணச் சொல்லுங்கள். இரண்டு பேருக்கும் ஒரே எண்ணிக்கை வந்ததா என்று எழுதுங்கள்.